சாவியைத் தொடாதீங்க

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பயப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

ஊர் திருவள்ளூர். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கி, பழுது பார்த்து, பளபளவென்று ஆக்கி விற்கிற ஒரு கடையில் வேலை. எல்லாம் பதினைந்து இருபது வருஷத்து வண்டிகள். ரெண்டே சீட்டு, கையால் போடுகிற கியர், சாவி போட்டுத் திருகுகிற ஸ்டார்ட்டர். வண்டி வாங்குகிறவருக்கு மூன்று நாள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் எங்கள் கடை வழக்கம். அந்த மூன்று நாளும் பக்கத்தில் உட்காருகிற ஆள் நான். எல்லாரும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மாசிலாமணி என்கிற பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது.

டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். ஸ்போர்ட்ஸ் காரில் அந்தப் பேச்சே கிடையாது. நீங்களும் மச்சானுக்கோ மனைவிக்கோ கார் கற்றுக்கொடுத்தவராக இருந்தால், இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு படுத்திருப்பீர்கள். உங்களுக்கு என் கஷ்டம் புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், பரவாயில்லை.

பயிற்சி நடக்கிற இடம் கும்மிடிப்பூண்டி பக்கம். தொழிற்பேட்டை வரப்போகிறது என்று ரோடு போட்டு, விளக்குக் கம்பம் நட்டு, பெயர்ப் பலகையும் வைத்தார்கள். கம்பெனிகள் மட்டும் வரவில்லை. ரெண்டு கிலோமீட்டர் நேர் ரோடு, கடைசியில் ஒரு வளைவு. ஆடுகளைத் தவிர வேறு போக்குவரத்து இல்லை. அந்த ஆடுகளை முடுக்க எங்கள் கடை மெக்கானிக் கோதண்டம் சிவப்புத் துண்டோடு ரோட்டோரத்தில் நிற்பான்.

கையில் சாவி, கால்வாயில் வண்டி

இந்தக் கதையை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ரொம்ப நாள் ஷெட்டில் கிடந்த ஒரு சிவப்பு வண்டியை ஓட்டிப் பார்க்க நானும் கோதண்டமும் இதே ரோட்டுக்கு வந்தோம். நான் ஓட்டினேன், அவன் பக்கத்தில். மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தேன். வண்டி பறந்தது. காலை எடுத்தேன். அப்போதும் பறந்துகொண்டேதான் இருந்தது. உள்ளே துருப்பிடித்த ஒயர் மாட்டிக்கொண்டு, ஆக்சிலேட்டர் திரும்பி வரவில்லை.

கிளச்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கை அழுத்தியிருந்தால் தீர்ந்தது விஷயம். இது எனக்குத் தெரியாதா? லாரி, வேன், ஜீப் என்று இருபது வருஷம் ஓட்டினவன். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் மொபெட் ஓட்டினவன். மொபெட்டில் ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டால் நம் ஜனம் ஒன்றே ஒன்றுதான் செய்யும், சாவியை ஆஃப் பண்ணும். என் கை அதைத்தான் பண்ணியது. பண்ணினதோடு நிற்காமல் சாவியை உருவியும் விட்டது. காரில் சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ரோடு வளைந்தது, நாங்கள் வளையவில்லை. நேராகப் போய் மழைத்தண்ணீர்க் கால்வாயில் இறங்கினோம்.

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. கோதண்டத்துக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இன்றைக்கும் விந்தி விந்திதான் நடக்கிறான். ஒரு நாள்கூட என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். இன்னொரு தடவை நிஜமாகவே மாட்டிக்கொண்டால் என் கை எங்கே போகும்?

ஆம்புலன்சில் ஏற்றும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவன் என்னுடைய இன்னொரு கையைப் பார்த்தான். அதில் சாவி இருந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னான்: "வண்டி போனா போவுது மாஸ்டர், சாவி பத்திரமா கீதுல்ல?"

இருபது வருஷத்து மணிக்கட்டு

அதற்கப்புறம்தான் 'மாட்டிக்கிச்சு பாடம்' ஆரம்பித்தேன். முதல் நாள் முதல் பாடம் அதுதான். கோதண்டம் கால் தேறி வேலைக்கு வந்ததும், கடையில் பயிற்சிக்கென்று வைத்திருக்கிற மஞ்சள் வண்டியில் ஒரு வேலை செய்து கொடுத்தான். சைக்கிள் பிரேக் பிடி ஒன்றையும் ஒயரையும் என் சீட்டுக்குப் பக்கத்தில் பொருத்தி, ஒயரின் மறுமுனையை இன்ஜினோடு இணைத்தான். நான் பிடியை அழுத்தினால், ஓட்டுகிறவர் காலை எடுத்த பிறகும் இன்ஜின் தானாக உறுமும். "மாட்டிக்கிச்சு!" என்று நான் கத்துவேன். கிளச், நியூட்ரல், பிரேக், ஓரம். வண்டி நின்ற பிறகுதான் சாவி. "சாவியைத் தொடாதீங்க" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வேன். தூக்கத்தில்கூட சொல்கிறேன் என்று என் மனைவி எஸ்தர் புகார் சொல்கிறாள்.

இந்தப் பாடத்துக்கு வந்தவர்களில் சம்பத் என்று ஒருவர். திருநின்றவூரில் மனை விற்கிறவர், நல்ல மனுஷர். இருபது வருஷம் ஸ்கூட்டரில் அலைந்து மனை விற்றுவிட்டு, கார் என்று வந்ததும் நேராக ஸ்போர்ட்ஸ் காருக்கே வந்துவிட்டார். நான் பிடியை அழுத்திக் கத்தினேன். சம்பத்தின் கால் அசையவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த வலது மணிக்கட்டை முன்பக்கமாக ஒரு திருகு திருகினார். ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டரை மூடுகிற அதே திருகு. ஒன்றும் நடக்கவில்லை என்றதும் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாகத் திருகினார். அதற்கும் வண்டி மசியாததால் இடது கை சாவிக்குப் பாய்ந்தது. அங்கே என் உள்ளங்கை ஏற்கெனவே காவலுக்கு இருந்தது. நசுங்கியது என் விரல்தான்.

நாலாவது தடவைதான் சரியாகச் செய்தார். இறங்கின பிறகு வலது கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். நம்பின ஆள் காலை வாரிவிட்ட முகம். "இத்தினி வருசமா இந்தக் கைதான் மாஸ்டர் என்னக் காப்பாத்தினு வந்துச்சு," என்றார்.

வழி விட்டால் சரியாகிவிடும்

திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேன் ஓட்டுகிற பாபு, தன் முதலாளியின் ஸ்போர்ட்ஸ் காரையும் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருந்தான். இன்ஜின் தானாக உறுமினதும் பாபு கிளச்சைத் தொடவில்லை, பிரேக்கைத் தொடவில்லை. சாவியையும் தொடவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். ஹாரனில் கையை வைத்து ஒரே அமுக்காக அமுக்கினான். ரெண்டு கிலோமீட்டருக்கு எதிரே ஒரு ஈ காக்கை கிடையாது. நான் பிடியை விட்டு வண்டியை அடக்கி, யாருக்கப்பா ஹாரன் என்று கேட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "முன்னாடி கீறவன் வழி வுட்டா எல்லாம் சரியாய்டும் மாஸ்டர்."

ஐந்து அடுக்கு

வள்ளூரில் பிரகாசம் என்று ஒரு கான்ட்ராக்டர். அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வீடு. வெளியே நிறுத்திய எதன் மேலும் சாம்பல் படியும் என்பார். அதனால் வண்டிக்குள் ஒரு தூசி வரக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். பயிற்சி வண்டிக்குக்கூட, செருப்பைக் கழற்றி ரோட்டிலேயே விட்டுவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி வெறுங்காலோடு ஏறினார். ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய் இறங்கினதும் கொதிக்கிற தாரில் நின்று குதித்தார். செருப்பு அந்தக் கோடியில் இருந்தது.

எந்த வண்டியிலும் ஏறும் முன்னால் காலடியில் போட்டிருக்கிற விரிப்பை, அதுதான் மேட்டை, தூக்கிப் பார்ப்பது என் வழக்கம். ஆக்சிலேட்டர் மாட்டுவதற்குப் பாதி நேரம் அந்த மேட்டுதான் காரணம். மூன்றாம் நாள் பிரகாசம் கொண்டு வந்த சொந்த வண்டியில் எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. வண்டியோடு வந்த மேட்டு, அதன் மேல் கனமான பிளாஸ்டிக் ஷீட்டு, அதன் மேல் செய்தித்தாள், அதன் மேல் ரப்பர் மேட்டு, எல்லாவற்றுக்கும் மேல் நாலாக மடித்த பழைய வேட்டி. நான் ஆக்சிலேட்டரைக் கையால் அழுத்திக் காட்டினேன். பிளாஸ்டிக் மேல் ரப்பர் மேட்டு வழுக்கி முன்னே போய், அதன் ஓரம் பெடலைக் கவ்விக்கொண்டது. கையை எடுத்த பிறகும் பெடல் மேலே வரவில்லை. இதற்குத்தான் ரெண்டு நாளாகத் தொண்டை கிழியக் கத்தினேன், பார்த்தீர்களா என்று கேட்டேன்.

பிரகாசம் குனிந்து ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். பெடலைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், வேட்டியை ஒதுக்கி அடி வரைக்கும் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "மாட்டிக்கிச்சுதான் மாஸ்டர், இல்லன்னு சொல்லல. ஆனா உள்ள எவ்ளோ சுத்தமா கீது பாத்தியா?"

கத்தினால் தாங்காது

நியூட்ரலுக்குத் தள்ளினதும் இன்ஜின் கத்தும். இழுக்க வேலை இல்லாமல் அது சும்மா சுற்றுகிற சத்தம், காதைக் கிழிக்கும். கத்தட்டும், ஒன்றும் ஆகாது, முதலில் நீங்கள் உயிரோடு நில்லுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். யாருக்கும் அது மண்டையில் ஏறாது. காசு போட்டு வாங்கின வண்டியும் இப்படித்தானே கதறும் என்று நெஞ்சு பதறும்.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்கிற ஆலையில் நடேசன் என்று ஒரு மேனேஜர். பழுக்கக் காய்ந்த இரும்பு டமால் டமால் என்று உருளுகிற இடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அவரிடம் எதையும் ரெண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டும், காது அப்படி. பாடத்தில் கிளச்சை அழகாக மிதித்தார், நியூட்ரலுக்கும் தள்ளினார். இன்ஜின் கத்தினது. மனுஷர் முகம் வெளுத்து, கியரைத் திரும்பப் போட்டு, கிளச்சை விட்டுவிட்டார். வண்டி எகிறிப் பாய்ந்தது. கோதண்டம் துண்டைப் போட்டுவிட்டு ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். நான் பிடியை விடாமல் இருந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

மூன்று தடவையும் இதே கூத்து. ஆலையில் இதைவிடப் பத்து மடங்கு சத்தத்தில் நிற்கிறீர்களே சார், இதற்குப் போய் ஏன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். கண்ணில் தண்ணீர் நின்றது அவருக்கு. "அது கம்பெனி மிஷினு மாஸ்டர். நாளிக்கு என் சொந்த வண்டியும் இப்டித்தான கத்தும்?"

முதலாளி சொன்ன திருத்தம்

எங்கள் முதலாளி தயாளன் ஒரு நாள் என்னை உட்கார வைத்து, டீ வரவழைத்து, அன்பாகப் பேசினார். அவர் அன்பாகப் பேசினால் ஏதோ ஒன்றை நம்மிடமிருந்து பிடுங்கப் போகிறார் என்று அர்த்தம். "நைனா, ஆசையா வண்டி வாங்கினு போறவங்க கைல, மொத நாளே 'இது மாட்டிக்கும், நிக்காது, மோதும்'னு சொல்றியாமே. தாலி கட்ற எடத்துல ஒப்பாரி வச்ச மாதிரி கீதுன்னு ரெண்டு பேரு போன் பண்ணிட்டாங்கோ. அந்தப் பாடத்த தூக்கிடு," என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாடத்தை எடுத்தால் வேலையை விட்டுப் போகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கோதண்டம் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தான். கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, பளபளக்கிற வண்டிகளுக்கு நடுவில், இடது காலை இழுத்து இழுத்து நடந்தான். குடித்தான். அதே மாதிரி திரும்பி நடந்து போனான். முதலாளி அவன் போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். டீயைக் கீழே வைத்தார். "சரி, பாடம் இருக்கட்டும். ஆனா கத்தும்போது மட்டும் கொஞ்சம் மெதுவா கத்து நைனா."

அப்புறம் இன்னா பண்ணணும்?

போன தை மாதம் பெரியபாளையம் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து தேவராஜ் என்பவர் நீல வண்டி ஒன்று வாங்கினார். சொந்தமாக நெல் போடுகிற குடும்பம். ஸ்போர்ட்ஸ் கார் அவருடைய சின்ன வயசு ஆசையாம். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தாலே மனுஷருக்குத் தலை சுற்றும். அதனால் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தது அவர் மனைவி தனலட்சுமி. முப்பத்தைந்து வயசு இருக்கும். வயலுக்குப் போகிற மாதிரி புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தது. "ஆச அவுருது, ஓட்டறது நானு," என்று சொல்லிக்கொண்டே ஏறியது.

மஞ்சள் வண்டியில் பாடத்தை ஆரம்பித்தேன். பிடியை அழுத்தி, முதலாளி சொன்னபடி கொஞ்சம் மெதுவாக, "மாட்டிக்கிச்சு!" என்றேன். தனலட்சுமி கிளச்சை மிதித்தது. நியூட்ரலுக்குத் தள்ளியது. பிரேக் போட்டு ஓரம் கட்டியது. இன்ஜின் காது கிழியக் கத்திக்கொண்டிருக்க, என் பக்கம் திரும்பி, "சரி, அப்புறம் இன்னா பண்ணணும்?" என்று கேட்டது. முகத்தில் பயம் இல்லை, அவசரம் இல்லை. எனக்கு இது பிடிக்கவில்லை. பயப்படாத ஆளுக்கு விஷயம் புரியவில்லை என்றுதான் என் கணக்கு. மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே மாதிரி நிறுத்தி, மறுபடி அதே கேள்வி.

அதைவிட மோசம், ஓட்டுகிற வேகம். இரண்டாவது கியருக்கு மேல் போகவே இல்லை. வரப்பு ஓரமாகப் போகிற மாதிரி இருபது கிலோமீட்டர் வேகத்தில், ஆட்டுக்கெல்லாம் வழி விட்டுக்கொண்டு. ஒரு கிடா எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தது. இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தேறாது என்று முடிவு கட்டிவிட்டேன். பொறுக்க முடியாமல், ஏம்மா, ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டால் எவ்வளவு ஆபத்து தெரியுமா, கொஞ்சமாவது பயப்படக் கூடாதா என்று கேட்டேன். தனலட்சுமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. "எங்க டிராக்டருல கையாலதாண்ணா ஆக்சிலேட்டரு. நாங்களே அத மாட்டி வுட்டுட்டுத்தான் நாள் முச்சூடும் உழுவோம். நிக்கணும்னா கிளச்ச மிதிப்போம். இதுல பயப்பட இன்னாண்ணா கீது?"

இப்பத் தொடு

மூன்றாம் நாள் அவர்களுடைய சொந்த வண்டியில் பாடம். முந்தின நாள் அம்மன் கோயிலில் பூஜை போட்டு, மாலையும் குங்குமமுமாகக் கொண்டு வந்திருந்தார்கள். தேவராஜ் என்னைப் பார்த்ததும் ஒரு கையில் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல், இன்னொரு கையில் தேங்காய் மூடி என்று திணித்துவிட்டார். ரெண்டு கையிலும் பிரசாதம். தின்று முடித்து, கையைக் கழுவி, அப்படியே ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக மேட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

தனலட்சுமி வழக்கம்போல இருபதில் போனது. எனக்கு எரிச்சல். "இது ஏர் ஓட்ற வண்டி இல்லம்மா. மூணாவது போடு. முழுசா மிதி. ஒரு தடவையாவது இது ஸ்போர்ட்ஸ் காருன்னு அதுக்குத் தெரியட்டும்," என்று சத்தம் போட்டேன். சொன்னபடி மூன்றாவது போட்டு, பெடலைத் தரையோடு அழுத்தியது. வண்டி குபீரென்று கிளம்பியது. என் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. தனலட்சுமி காலை எடுத்தது. நான் கண்ணால் பார்த்தேன், காலை எடுத்துவிட்டது. வண்டி அடங்கவில்லை. இந்த வண்டியில் சைக்கிள் பிடி கிடையாது. என் கையில் எதுவும் இல்லை. நிஜமாகவே மாட்டிக்கொண்டது.

எதிரே ரோட்டோரத்தில் கோதண்டம் சிவப்புத் துண்டோடு நிற்கிறான். அவனுக்கு அந்தப் பக்கம் அதே வளைவு, அதே கால்வாய். ஆறு வருஷமாக நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்த எல்லாம் என் தலையில் வரிசையாக இருந்தது. கிளச், நியூட்ரல், பிரேக். ஒன்றையாவது வாய் திறந்து சொன்னேனா? என் கை சாவிக்குப் போய்விட்டது. அடப்பாவி, சாவியைப் பிடித்தே விட்டேன். திருகவும் ஆரம்பித்திருப்பேன். அதற்குள் முழங்கையால் ஒரு இடி விழுந்தது என் கை மேல். மணிக்கட்டு மரத்துப் போனது. "சாவியத் தொடாதண்ணா!"

தனலட்சுமி கிளச்சை மிதித்தது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளியது. இன்ஜின் கதறியது. அதைக் காதில் வாங்கவே இல்லை. பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தி, இடது பக்கம் ஒதுக்கி, கோதண்டத்துக்கு முப்பது அடி முன்னால் வண்டியை நிறுத்தியது. புழுதி பறந்தது. அதில் ஆடு ஒன்று தும்மியது. தனலட்சுமி நெற்றியைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னது: "இப்பத் தொடு."

தொட்டேன். சாவியைத் திருகினேன். இன்ஜின் அடங்கினது. குனிந்து பார்த்தால், பெடலைக் கவ்விக்கொண்டு ஒரு புது ரப்பர் மேட்டு, அதற்கு அடியில் பிளாஸ்டிக். பூஜை குங்குமம் கொட்டி வண்டி கறையாகிவிடக் கூடாது என்று காலையில்தான் தேவராஜ் போட்டாராம். திரும்பிப் போனதும் மனைவி முறைத்த முறைப்பில், ஸ்டியரிங்கைத் தொடாமலேயே அவருக்குத் தலை சுற்றியது.

கோதண்டம் ஓடி வந்தான். ஆறு வருஷத்தில் அவன் ஓடி நான் பார்த்ததில்லை. என்ன ஆச்சு என்று கேட்டான். மேட்டு மாட்டிக்கிச்சு, நின்னுடுச்சு என்று தனலட்சுமி சொல்லி முடித்துவிட்டது. என் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. அவனைத் தனியாகக் கூட்டிப் போய்ச் சொன்னேன்: "கோதண்டம், என் கை திரும்பவும் சாவிக்குத்தாண்டா போச்சு. அந்தப் பொண்ணு இடிக்கலன்னா இன்னிக்கு உன்ன அடிச்சே போட்டிருப்பேன்."

அவன் என்னைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். கையில் இருந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். ஆடு முடுக்க ஒரு ஆள் எதற்கு, நீயும் வந்து வண்டியில் உட்காரேன் என்று இந்த ஆறு வருஷத்தில் எத்தனையோ தடவை அவனைக் கூப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட ஏறினதில்லை. வெயில் என்று பார்க்காமல், மழை என்று பார்க்காமல் ரோட்டோரத்தில்தான் நிற்பான். நானும் அவன் ஆட்டுக்காகத்தான் நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"போவும்னு தெரியும் மாஸ்டர்," என்றான் கோதண்டம். "பின்ன இத்தினி வருசமா நான் இன்னாத்துக்கு வெளிய நிக்கறேன்னு நெனச்ச?"

இப்போதெல்லாம் வண்டியில் ஏறினதும் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொள்கிறேன், கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அதுதான் ஸ்போர்ட்ஸ் காரில் உட்காருகிற முறை என்று நினைத்துத் தங்கள் வீட்டு ஆட்களையும் அப்படியே உட்கார வைக்கிறார்களாம்.